பெருந்தொற்றுக் காலத்தில் மருந்தியல் படிப்பு: மதுரை வட்டாரக் கல்லூரிகளுக்கான கேள்வி பதில்

தமிழ்நாட்டின் முதல் கொரோனா இறப்பு 2020 மார்ச் 25 அதிகாலையில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியதும் அன்றுதான். ஊரில் மருந்துக் கடைகள் திறந்திருந்தன. மருந்தாளுநர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனால் மருந்தாளுநர்களை உருவாக்கும் கல்லூரிகள் பூட்டிக் கிடந்தன. மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் அப்போது கேட்ட, இன்றும் கேட்கிற கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். வசதி குறைந்த, கிராமத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கிற கல்லூரியை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. பணம் உள்ள நிறுவனங்களுக்கு வேறு வழிகள் உண்டு.

கல்லூரியை மூடச் சொல்லிவிட்டார்கள். முதலில் எதைக் காப்பாற்ற வேண்டும்?

செய்முறையை. மருந்தியக்கவியல் (மருந்து உடலுக்குள் போய் வெளியேறும் விதம்) பாடத்தை ஆறு மாதம் கழித்தும் புத்தகத்தைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். மருந்துச் சீட்டைப் படிக்கவும், மருந்தை எடுத்துக் கொடுக்கவும், நோயாளியிடம் பேசவும் கைக்கும் வாய்க்கும் வர வேண்டிய பழக்கம் புத்தகத்திலிருந்து வராது. 2020இல் பெரும்பாலான கல்லூரிகள் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டன. காலை 9 மணிக்கு விரிவுரை, 10 மணிக்கு விரிவுரை, 11 மணிக்கு விரிவுரை என்று கால அட்டவணையை அப்படியே கைப்பேசிக்குள் தூக்கிப் போட்டார்கள். செய்முறையைப் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைத்தார்கள். அந்தப் ‘பிறகு’ பல மாணவர்களுக்கு வரவே இல்லை.

அப்படியானால் நேரலை வகுப்பு வேண்டாமா?

வாரத்துக்கு ஒன்று, சந்தேகம் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை ஒலிப்பதிவாக அனுப்புங்கள்.

கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளி வகுப்பு ஒரு மணி நேரத்தில் 450 எம்பி டேட்டாவைத் தின்றுவிடும். அதே விரிவுரையை நொடிக்கு 24 கிலோபிட் அளவில் ஒலியாக மட்டும் பதிவு செய்தால் 11 எம்பிகூட ஆகாது. நாலு பக்கக் குறிப்பையும் இரண்டு படங்களையும் சேர்த்தாலும் 15 எம்பிக்குள் முடிந்துவிடும். சேடபட்டி, எழுமலைப் பக்கம் மொட்டை மாடியில் நின்றுதான் சிக்னல் பிடிக்க வேண்டும் என்னும் மாணவன் இதை இரவில் ஒரு முறை தரவிறக்கிக்கொண்டு நான்கு முறை கேட்பான்.

டேட்டா மட்டும் சிக்கல் இல்லை. மல்லிகைத் தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் விடியும் முன்பே பூப்பறிக்கப் போய்விடுவார்கள். ஒரே கைப்பேசியில் அண்ணனுக்குப் பாலிடெக்னிக் வகுப்பு, தங்கைக்குப் பத்தாம் வகுப்பு, நம் மாணவிக்கு பி.பார்ம் (மருந்தியல் பட்டப் படிப்பு). 9 மணிக்கு யார் கையில் அது இருக்கும்? அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அட்டை வழங்கியது. நல்ல திட்டம்தான், ஆனால் அது வந்தபோது ஊரடங்கு தொடங்கி ஒன்பது மாதங்கள் ஓடியிருந்தன. அடுத்த முறையும் அரசின் அட்டைக்காகக் காத்திருக்க முடியாது.

இன்னொன்று: ஒலிப்பதிவைத் தமிழில் பேசிப் பதிவு செய்யுங்கள். கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு, விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள். வகுப்பில் மாணவர் முகத்தைப் பார்த்து, புரியவில்லை என்று தெரிந்ததும் நாம் தமிழுக்கு மாறிவிடுகிறோம். ஒலிப்பதிவில் முகம் தெரியாது.

கைப்பேசியே இல்லாத மாணவருக்கு?

ஊரடங்கின்போதும் அஞ்சல் துறை இயங்கியது. அச்சிட்ட பாடக் கட்டை மாதம் ஒரு முறை அஞ்சலில் அனுப்பலாம். அதைவிட விரைவான வழி, மாணவர் ஊரில் உள்ள மருந்துக் கடை. மொத்த விற்பனையாளரின் வண்டி வாரத்தில் பல நாள் அங்கே போய்க்கொண்டிருக்கும். நம் பழைய மாணவர் ஒருவர் அந்தக் கடையில் இருப்பதற்கும் வாய்ப்பு அதிகம். மருந்துப் பெட்டியோடு ஒரு உறையையும் ஒரு பென்டிரைவையும் கொடுத்தனுப்ப யாரும் மறுக்க மாட்டார்கள். ஆசிரியர் வாரம் ஒரு முறை சாதாரண தொலைபேசியில், வீட்டில் யாருடைய எண் இருக்கிறதோ அதில், பத்து நிமிடம் பேச வேண்டும். மாணவரைப் படிப்போடு கட்டி வைப்பது அந்தப் பத்து நிமிடம்தான்.

வீட்டில் இருந்தபடி செய்முறை என்பது ஏமாற்று வேலை இல்லையா?

காணொளியைப் பார்த்துப் பதிவேட்டில் முடிவுகளை எழுதச் சொன்னால் ஏமாற்று வேலைதான். கையால் செய்யச் சொன்னால் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளின் செய்முறைகளில் கணிசமானவற்றை நாட்டு மருந்துக் கடையையும் அடுக்களையையும் வைத்தே சொல்லித்தர முடியும்.

சர்க்கரைப் பாகை எடுத்துக்கொள்வோம். எடைக்கு எடை 66.7 சதவீதம், அதாவது 1000 கிராம் பாகில் 667 கிராம் சர்க்கரை. இதை ஒரு புட்டியிலும், 40 சதவீதப் பாகை இன்னொரு புட்டியிலும் ஊற்றி ஜன்னலோரம் வைக்கச் சொல்லுங்கள். நீர்த்த பாகில் சில நாட்களில் பூஞ்சை படரும். அடர்ந்த பாகில் படராது, ஆனால் மூடியோரம் சர்க்கரை படிகமாகும். நுண்ணுயிர்க்குக் கிடைக்கும் நீர், ஊடுபரவல் அழுத்தம், தெவிட்டு நிலை என்று வகுப்பில் மூன்று நாள் பேசுவதை அந்த இரண்டு புட்டிகளும் காட்டிவிடும்.

பால்மம் (எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்ந்த கலவை) செய்வது இன்னும் நல்ல பயிற்சி. உலர் பிசின் முறையில் எண்ணெய் 4 பங்கு, நீர் 2 பங்கு, பிசின் 1 பங்கு. நல்லெண்ணெய் 20 மில்லி, தூளாக்கிச் சலித்த வேலம்பிசின் 5 கிராம் இரண்டையும் ஈரமில்லாத கல்வத்தில் போட்டுக் குழைக்க வேண்டும். பிறகு 10 மில்லி நீரை ஒரே மூச்சில் ஊற்றி, ஒரே திசையில் விடாமல் வேகமாக அரைக்க வேண்டும். சரியாக வந்தால் கலவை வெளுத்து, குழவிக்கு அடியில் ‘சடக் சடக்’ என்று ஒலி கேட்கும். நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கேட்காது; எண்ணெய் பிரிந்துவிடும். மாணவர் அந்த ஒலியைப் பதிவு செய்து அனுப்பட்டும். ஆசிரியர் மதிப்பெண் போட அது போதும், வேறு யாரிடமிருந்தும் கடன் வாங்க முடியாத சான்று அது.

பிழை என்றால் என்ன என்பதைத் தராசு சொல்லித்தரும். மளிகைக் கடையின் மின்தராசு 1 கிராம் வரைதான் காட்டும். அரை கிராம் முன்பின் போகலாம். 667 கிராம் சர்க்கரையில் அது ஒன்றுமே இல்லை. உப்பு சர்க்கரைக் கரைசலின் உலக சுகாதார நிறுவன வாய்பாட்டில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம்தான்; அதில் அரை கிராம் தவறினால் ஐந்தில் ஒரு பங்கு பிழை. நகைக் கடைத் தராசு எதற்கு என்று அப்போது புரியும். அதே வாய்பாட்டில் குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். இவற்றிலிருந்து லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல் (கரைந்த துகள்களின் செறிவைக் காட்டும் அலகு) எப்படி வருகிறது என்று கணக்கிடச் சொல்லுங்கள். இதைத் தாளில் மட்டும் செய்யட்டும். வீட்டில் கலந்து யாருக்கும் கொடுக்கக் கூடாது.

மருந்துத் தாவரவியலுக்கு மூலிகைத் தோட்டம் இல்லையே?

ஊரே தோட்டம்தான். வேலியோரத்தில் ஆடாதோடை, கல்லறைப் பக்கம் நித்தியகல்யாணி, ஒட்டன்சத்திரம் போகும் வழியில் கொடிப் பந்தலில் செங்காந்தள். வாசிசின், வின்கிரிஸ்டின், கோல்சிசின் என்று மூன்று ஆல்கலாய்டுகளுக்கும் மாதிரி கிடைத்துவிட்டது. செங்காந்தளை மட்டும் தொட்டுப் பார்க்க வேண்டாம், புகைப்படம் போதும். அதன் கிழங்கும் விதையும் ஆளைக் கொல்லும்.

தொற்றுக்காலம் ஒரு பயிற்சியைத் தானாகவே கொண்டுவந்து கொடுத்தது. ஊரெங்கும் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள். அது குணமாக்குமா என்ற வாதம் வேறு. நமக்கு அதில் 15 சரக்குகள் இருக்கின்றன. சுக்கு, திப்பிலி, கிராம்பு, சிறுகாஞ்சொறி வேர், அக்கிரகாரம், முள்ளி வேர், கடுக்காய்த் தோல், ஆடாதோடை, கற்பூரவள்ளி, கோஷ்டம், சீந்தில், சிறுதேக்கு, நிலவேம்பு, வட்டத்திருப்பி வேர், கோரைக்கிழங்கு. மாசி வீதிகளில் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் இவற்றைத் தூளாக்காமல் தனித்தனியாக வாங்கலாம். உருவம், மணம், சுவை, முறிக்கும்போது நார் எப்படிப் பிரிகிறது என்று எழுதி, எது உண்மையான சரக்கு, எதில் கலப்படம் என்று மாணவர் சொல்ல வேண்டும். இதைச் செய்து முடித்தவருக்குப் பல்கலைக்கழகத் தேர்வின் ‘அடையாளம் காண்க’ பகுதி விளையாட்டு.

கிருமிநாசினி தயாரிப்பைச் செய்முறையாகக் கொள்ளலாமா?

கல்லூரியில், ஆசிரியர் முன்னிலையில், செய்யலாம். வீட்டில் கூடாது, அது தீப்பிடிக்கும் பொருள்.

வீட்டுக்கு அனுப்ப வேண்டியது கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் முதல் வாய்பாட்டில் 10 லிட்டருக்கு 96 சதவீத எத்தனால் 8333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, 98 சதவீத கிளிசரால் 145 மில்லி, மீதி கொதித்தாறிய நீர். முடிவில் எத்தனால் எத்தனை சதவீதம்? பெராக்சைடு எத்தனை? 80, 0.125 என்று வர வேண்டும். பெராக்சைடு கையிலுள்ள கிருமியைக் கொல்லச் சேர்க்கப்பட்டதா? இல்லை, புட்டியிலும் நீரிலும் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துக்களை அழிக்க. நிரப்பிய பிறகு 72 மணி நேரம் தனியே வைப்பதும் அதற்காகத்தான். எத்தனால் வாங்க உரிமம் பெறுவது கடினம் என்றால் இரண்டாவது வாய்பாட்டில் 99.8 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் 7515 மில்லி. இந்த நான்கு வரியில் நீர்த்தல் கணக்கு, தரக் கட்டுப்பாடு, ஆயத்தீர்வைச் சட்டம் மூன்றும் இருக்கின்றன.

விலங்குப் பரிசோதனை வகுப்புகள்?

கவலை வேண்டாம். தற்போதைய பி.பார்ம் பாடத்திட்டமே இவற்றை மென்பொருளாலும் காணொளியாலும் காட்டச் சொல்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்பார்ம் மென்பொருள் பழைய கணினியிலும் ஓடக்கூடியது.

வீட்டில் செய்யவே முடியாதவை எவை?

மாத்திரை அழுத்துவது, மாத்திரை கரையும் வேகத்தைப் பார்க்கும் சோதனை, நுண்ணுயிர் நீக்கிய ஊசிமருந்துத் தயாரிப்பு, அடர் அமிலம் வேண்டியிருக்கும் தரம் பார்த்தல் (டைட்ரேஷன்), நிறப்பகுப்புக் (குரோமட்டோகிராபி) கருவிகள். இவற்றுக்குக் கல்லூரிக்கு வந்தே ஆக வேண்டும். 2020 ஜூன் 24 முதல் ஜூலை நடுப்பகுதி வரை மதுரை வட்டாரத்தில் முழு ஊரடங்கு போட்டார்கள் அல்லவா, அதுபோல் அடைப்பு திடீரென்று வரும், திடீரென்று போகும். இரண்டு அலைகளுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியை எப்படிப் பயன்படுத்துவது என்று முன்கூட்டியே தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். கதவு திறந்த அன்று விரிவுரை நடத்த உட்காராதீர்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாக, இறுதியாண்டு மாணவரில் தொடங்கி, காலை முதல் மாலை வரை ஆய்வகம் மட்டும். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்; குளிர்சாதனக் கருவி அறையைக் கடைசிக்கு வையுங்கள். பேருந்து ஓடாத பகுதி மாணவர்களை ஒரே குழுவில் போட்டால் ஒரு வேனில் அழைத்துவந்துவிடலாம்.

டி.பார்ம் (மருந்தியல் பட்டயப் படிப்பு) படிப்பவரின் 500 மணி நேரப் பயிற்சி என்ன ஆகும்?

இங்கேதான் சிறிய ஊர் மாணவருக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. அந்தப் பயிற்சி மூன்று மாதங்களுக்குக் குறையாமல் 500 மணி நேரம். அதில் 250 மணி நேரமாவது மருந்துச் சீட்டுப் பார்த்து மருந்து வழங்குவதில் கழிய வேண்டும். ஊரடங்கில் மூடாத இடம் மருந்துக் கடை. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ தன் வீட்டுக்கு அருகில் உள்ள கடையில் பயிற்சி பெற விதிகளின்படி வழி இருக்கிறதா என்று கல்லூரி முன்கூட்டியே பார்த்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கிவைக்க வேண்டும். கல்லூரிக் கடிதமும் அடையாள அட்டையும் இல்லாமல் எந்த மாணவரையும் சாலைக்கு அனுப்பாதீர்கள்.

இரண்டு நிபந்தனைகள். பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடிக் கண்காணிப்பில்தான் மாணவர் மருந்து வழங்கலாம். மருந்தாளுநர் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, ஆள் வேறெங்கோ இருக்கும் கடை பயிற்சிக்கு ஆகாது. அப்படிப்பட்ட கடைகள் இருக்கின்றன என்பது ஊரறிந்தது. இரண்டாவது, மாணவரைப் பெட்டி தூக்கும் ஆளாகப் பயன்படுத்த விடக் கூடாது. தினமும் அவர் செய்ய வேண்டியதைத் தாளில் கொடுத்தனுப்புங்கள்: குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று இரண்டு வேளை குறிப்பது, காலாவதி நெருங்கும் மருந்துகளைப் பிரிப்பது, எச்1 அட்டவணைப் (மருந்துச் சீட்டைப் பார்த்தே விற்று, விற்றதைப் பதிய வேண்டிய மருந்துகளின் பட்டியல்) பதிவேட்டை எழுதுவது. ஹைட்ராக்ஸி குளோரோகுயினை வாங்க மக்கள் அலைந்தபோது, 2020 மார்ச் 26ஆம் தேதி அரசாணையால் அது எச்1 விதிகளுக்குள் வந்தது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற விதி, அன்று கடையில் நின்ற மாணவருக்கு மறக்காது.

பார்ம்.டி (மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய மருந்தியல் படிப்பு) மாணவர்களை வார்டுக்குள் விடவில்லை. நோயாளி இல்லாமல் எப்படிக் கற்பது?

வார்டு கிடைக்காவிட்டாலும் நோயாளி கிடைப்பார். நம் தெருவில் சுகர் மாத்திரை சாப்பிடாத வீடு எது? ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டில் அல்லது உறவில் உள்ள மூத்தவர் ஒருவரின் மருந்துப் பெட்டியை எடுத்து, அனுமதி கேட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் பட்டியலிட வேண்டும். வணிகப் பெயர், மூலப்பெயர், அளவு, உண்மையில் எப்போது சாப்பிடுகிறார், யார் எழுதிக் கொடுத்தது.

பட்டியல் வந்ததும் பாடம் தானே எழுந்து நிற்கும். அப்பத்தா சர்க்கரைக்குக் கிளிமிபிரைடும் ரத்த அழுத்தத்துக்கு அட்டனலாலும் சாப்பிடுகிறார்: சர்க்கரை இறங்கும்போது வர வேண்டிய படபடப்பை அட்டனலால் மறைத்துவிடும், வியர்வைதான் முக்கிய எச்சரிக்கை. தாத்தா ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரிலும், நீர் பிரியப் பிருசமைடும் சாப்பிடுகிறார். மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோபினாக் கேட்டு வாங்குகிறார். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு என்ன ஆகும்? ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயரில் இரண்டு முறை சாப்பிடுவோர் எத்தனை பேர்? மாணவர் எதையும் நிறுத்தச் சொல்லக் கூடாது. ஆசிரியரிடம் எழுதிக் காட்ட வேண்டும். ஆசிரியர் தேவையென்றால் குடும்பத்தை மருத்துவரிடம் பேசச் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் உள்ள ஆசிரியர் நோயாளி விவரத்தை அனுப்பினால் பெயர், எண், முகவரி, முகம் எதுவும் இருக்கக் கூடாது. மருந்துச் சீட்டை அப்படியே படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் தொற்றுக்காலத்தில் பரவியது. அவசரம் என்று சொல்லி அதை நியாயப்படுத்த முடியாது.

இவையெல்லாம் பயிற்சிதானே தவிர, உள்ளிருப்புப் பயிற்சிக்கு மாற்று அல்ல. பொது மருத்துவத்தில் ஆறு மாதம், வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம் என்ற அந்த ஓராண்டை வார்டில்தான் முடிக்க வேண்டும்.

தேர்வு?

தொலைபேசியில் வாய்மொழித் தேர்வு. கேமராவை வைத்துக் கண்காணிக்கும் தேர்வு பணத்துக்கும் மானத்துக்கும் கேடு. ஏழைப் பிள்ளை வீட்டின் ஒற்றை அறையைப் படம் பிடித்துக் காட்டச் சொல்வது எந்த நீதி என்று எனக்குப் புரியவில்லை. எழுத்துத் தேர்வானால் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும்படி கேள்வியை அமையுங்கள். ‘பாராசிட்டமாலின் அளவு என்ன’ என்று கேட்காமல், 12 கிலோ குழந்தைக்கு 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள மருந்து எத்தனை மில்லி, கடையில் 250 மில்லிகிராம் புட்டிதான் இருந்தால் தாயிடம் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள்.

80 சதவீத வருகைப்பதிவு விதி?

காணொளியில் பெயர் தெரிந்ததை வருகையாகக் கொள்வது பொய். ஒப்படைத்த வேலையையும் தொலைபேசி உரையாடலையும் தேதியோடு பதிவு செய்யுங்கள். தளர்வு எது வந்தாலும் பல்கலைக்கழகச் சுற்றறிக்கையின் நகல் கையில் இல்லாமல் மாணவருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

வருமானம் நின்றுவிட்டது. மகளைப் படிப்பிலிருந்து நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். இடைவெளி விட்ட பெண்பிள்ளை திரும்பி வருவது அரிது. அந்த இடைவெளிக்குள் மாப்பிள்ளை வந்துவிடுவார். கோயில்கள் மூடி, பூ விலை போகாமல் கொட்டப்பட்ட மாதங்களில் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களை நிர்வாகங்களும் அறிந்திருந்தன. தவணை கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். உதவித்தொகைப் புதுப்பிப்புத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். நிர்வாகங்களுக்கும் ஒரு சொல்: ஆசிரியரின் சம்பளத்தைப் பாதியாக்கிவிட்டு, பாடத்தின் தரம் ஏன் குறைந்தது என்று கேட்காதீர்கள்.

மாணவர்களைத் தடுப்பூசிப் பணியில் சேர்க்கலாமா?

விருப்பம் உள்ளவரை, தடுப்பூசி போட்ட பிறகு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்க்கலாம். கொரோனா காலத்தில் கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 பேருக்கான மருந்து இருந்தது. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது. எட்டு பேர் வந்து நிற்கும்போது குப்பியைத் திறப்பதா என்ற முடிவை எடுக்கும் செவிலியருக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது, குளிர்சங்கிலி (மருந்தைக் குளிர்நிலை மாறாமல் கொண்டுசேர்ப்பது) பற்றிய எந்தப் பாடத்தையும்விட மேல்.

ஊரில் எல்லோரும் என்னிடம் மருந்து கேட்கிறார்கள். இன்னும் இரண்டாம் ஆண்டுதான். என்ன சொல்வது?

மருந்து சொல்லாதீர்கள், மருந்தைப் பற்றிச் சொல்லுங்கள். டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு உயிர் காக்கும் என்று 2020 ஜூனில் வந்த பிரிட்டன் ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்கு மட்டுமே அந்தப் பலனைக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்குப் பலனில்லை. காய்ச்சல் வந்த முதல் நாளே அதைக் கடையில் வாங்கி விழுங்கியவருக்குச் சர்க்கரை ஏறும். 2021இல் கருப்புப் பூஞ்சை நோய்க்கு ஆளானவர்களில் சர்க்கரை நோயாளிகளும் ஸ்டீராய்டு எடுத்தவர்களுமே மிகுதி. இவ்வளவைத் தெளிவாகச் சொல்ல இரண்டாம் ஆண்டு மாணவரால் முடியும்.

யாருக்காவது மருந்தால் பக்கவிளைவு என்று தெரிந்தால், 2010 முதல் இயங்கும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 180 3024இல் தெரிவிக்கலாம். பேசும் முன் மருந்தின் பெயர், தொகுதி எண் (பேட்ச் எண்), தொடங்கிய தேதி, விளைவு தெரிந்த தேதி, கூடவே சாப்பிட்ட மற்ற மருந்துகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். தொகுதி எண் அதில்தான் இருக்கும்.